இடுப்பெலும்பு முறிந்து வந்த 46 வயதுக்காரர்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக, இதே மாதிரி வந்து சேரும் பலருடைய விவரங்களைக் கலந்து ஒரே நோயாளியாக எழுதியிருக்கிறேன். பொது மருத்துவத்தில் இருப்பவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது. எலும்பு வார்டிலும் அறுவை சிகிச்சை வார்டிலும் இரவுப் பணி பார்ப்பவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். தினமும் குடித்துவந்த மது திடீரென்று நின்றுபோனால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். வீட்டில் தினமும் குடிக்கும் ஒருவர் இருந்தால், நீங்களும் படிக்கலாம்.

வந்தபோது

கணக்கு எழுதும் வேலை பார்க்கும் ஆண், வயது 46. வீட்டில் இரவு 9 மணிக்குக் குளியலறைப் படியில் கால் தடுக்கி விழுந்திருக்கிறார். வலது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி, அதாவது இடுப்பு மூட்டுக்கு அருகில், முறிந்திருந்தது. தலையில் அடி இல்லை. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் எதற்கும் மாத்திரை சாப்பிடுபவர் இல்லை. சேர்க்கைத் தாளில் 'புகை: இல்லை. மது: எப்போதாவது' என்று இருந்தது. அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டபோது மனைவியும் அலுவலக நண்பர் ஒருவரும் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

நின்ற நிலையிலிருந்து விழுந்து 46 வயதில் இந்த எலும்பு முறிவது சாதாரணம் இல்லை. எழுபதைத் தாண்டியவர்களுக்கு வரும் முறிவு இது. இங்கேயே ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். எழவில்லை, ஏனென்றால் எக்ஸ்ரே அவ்வளவு தெளிவாக இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாதபோது ஏன் நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அன்றிரவு எடுத்த ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின் 11.2, சிவப்பணுவின் சராசரி அளவு (எம்.சி.வி.) 104, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 96,000. கல்லீரல் நொதிகளில் ஏ.எஸ்.டி. 142, ஏ.எல்.டி. 58, ஜி.ஜி.டி. 410. சோடியம் 131, பொட்டாசியம் 3.2. தட்டணு எண்ணிக்கையை மட்டும் மயக்க மருத்துவர் வட்டமிட்டு, 'அறுவை சிகிச்சைக்குப் போதும்' என்று எழுதியிருந்தார்.

மறுநாள் காலை 11 மணிக்கு அறுவை சிகிச்சை நடந்து, திருகு போட்டு எலும்பைப் பொருத்தினார்கள். மயக்கக் குறிப்பில் ஒரு வரி: இந்த எடைக்கு வழக்கமாகத் தேவைப்படுவதைவிடக் கூடுதலாக மருந்து கொடுத்த பிறகே தூக்கம் வந்தது. சாப்பிடாமல் இருந்த நேரம் முழுக்க குளுக்கோஸ் கலந்த டிரிப்ஸ் ஓடியது. வலிக்கு டிரமடால் ஊசி.

அன்று மாலையே கைநடுக்கம் தொடங்கியிருக்கிறது. நர்ஸ் குறிப்பில் நாடித்துடிப்பு 118, வியர்வை, தூக்கமின்மை என்று இருந்தது. வலி என்று எடுத்துக்கொண்டு வலி ஊசி இன்னொன்று போட்டார்கள். நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு உடல் முழுக்க வலிப்பு வந்து, இரண்டு நிமிடத்தில் நின்றது. இரவு மருத்துவர் வலிப்பை அடக்கும் லோராசெபாம் 2 மி.கி. கொடுத்திருந்தார், சர்க்கரை பார்த்திருந்தார் (84), தலைக்கு சி.டி. ஸ்கேனுக்கும் அனுப்பியிருந்தார். மூன்றும் சரியான முடிவுகள். குடிப்பவர்களுக்கு மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும். மூளைக்கும் உறைக்கும் நடுவே ஓடும் சிறு ரத்தக் குழாய்கள் அதனால் இழுபட்டு நிற்கும். தட்டணுவும் குறைவாக இருந்தால் சின்ன அடிக்கே உள்ளே ரத்தம் கசியலாம். இவருக்குக் கசிவு இல்லை, வயதுக்கு மீறிய சுருக்கம் மட்டும் தெரிந்தது.

காலையில் பொது மருத்துவப் பிரிவிலிருந்து எங்களை அழைத்தார்கள். 'டிரமடாலால் வந்த வலிப்பா?' என்பதுதான் அவர்கள் எழுதியிருந்த கேள்வி. நியாயமான கேள்வி. டிரமடால் வலிப்பின் வாசலைத் தாழ்த்தும் மருந்துதான். ஆனால் அதை மட்டும் வைத்து நடுக்கத்தையும் வியர்வையையும் விளக்க முடியாது.

மைத்துனர் சொன்னது

நோயாளி அரைத் தூக்கத்தில் இருந்தார். மனைவி மறுபடியும் "எப்பவாவது விசேஷத்துல" என்றார். அவர் வெளியே போனதும் மைத்துனர் வாய் திறந்தார்.

"டாக்டர், அக்கா முன்னாடி சொல்ல முடியல. ஆறேழு வருஷமா தினமும்தான். காலையில கை உதறுது, கொஞ்சம் உள்ள போனாத்தான் கையெழுத்தே போட வருதுன்னு மாமா என்கிட்டயே சொல்லியிருக்கார்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"அரை பாட்டில்ல முக்கால்வாசிக்கு மேல காலியாகும். அதுல பாதி ராத்திரியில."

"கடைசியா எப்போ?"

"விழறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி."

மொத்தம் ஏறக்குறைய 300 மி.லி. என்று பேசிப் பேசித் தேறியது. 40 சதவீத மது என்றால் அதில் சுத்தமான எத்தனால் சுமார் 95 கிராம். கடைசியாகக் குடித்தது இரவு 8 மணி, வலிப்பு மறுநாள் இரவு 2 மணி. நடுவில் 30 மணி நேரம். மதுவை நிறுத்திய பின் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு. வலிப்பு வந்தால் பெரும்பாலும் 48 மணிக்குள். அதன்பின் 48 முதல் 96 மணி வரை ஜன்னி, அதாவது நினைவு தடுமாறி இல்லாததைக் கண்டு பிதற்றும் நிலை, வரக்கூடிய காலம். வார்டுக் குறிப்பில் இருந்த நேரங்களை இந்தக் கணக்கின் மேல் வைத்துப் பார்த்தால் அச்சாகப் பொருந்தியது.

இன்னொன்றும் சொன்னார். "ரெண்டு மூணு வாரமாவே காலை அகட்டி அகட்டித்தான் நடந்தார். காலையிலயும் அப்படித்தான். போதைன்னு விட்டுட்டோம்." இதை அப்போதே அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டேன்.

அப்புறம், பலரும் கேட்பதை அவரும் கேட்டார்: "கொஞ்சம் குடுத்துட்டா அடங்கிடுமா டாக்டர்?" அடங்கும், கொஞ்ச நேரத்துக்கு. ஆனால் ரத்தத்தில் அதன் அளவைச் சீராக வைத்திருக்க முடியாது, வயிற்றையும் கல்லீரலையும் மேலும் கெடுக்கும். நிறுத்தலை மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதும் வரும். அதே இடத்தில் வேலை செய்யும் மாத்திரை வகை இருக்கும்போது தேவையும் இல்லை.

ஜன்னி

லோராசெபாமைத் தொடர் அளவாக எழுதினோம், தயமினும் (வைட்டமின் பி1) தொடங்கினோம். அதே வகையைச் சேர்ந்த டையசெபாமும் இதற்கு நல்ல மருந்துதான். ஆனால் கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாதபோது, உடலில் தேங்கி நிற்காத லோராசெபாம் பாதுகாப்பானது. இருந்தாலும் ஒரு நாள் பிந்திவிட்டது. அன்றிரவு 10 மணிக்கு, அதாவது 50-வது மணியில், ஜன்னி வந்தது.

நான் போய்ப் பார்த்தபோது டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்டிருந்தார். காய்ச்சல் 38.4 டிகிரி செல்சியஸ், நாடி 136, ரத்த அழுத்தம் 170/104. கண்மணி விரிந்திருந்தது. படுக்கை விரிப்பின் ஓரத்தை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு விரிப்பின் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு மடிப்பில் நிறுத்தி விரலை மேலிருந்து கீழாக ஓட்டிக் கூட்டிப் பார்த்தார். கணக்கு ஒத்துவரவில்லை போல, மறுபடி முதலிலிருந்து. "இந்தப் பேரேட்டை யார் எடுத்தது?" என்று கட்டிலின் கால்மாட்டில் இல்லாத யாரையோ அதட்டினார். செய்துவரும் தொழிலையே ஜன்னியில் கைகள் செய்வது அடிக்கடி காணக்கூடிய ஒன்று. ஓட்டுநர் வண்டி ஓட்டுவார், தையல்காரர் ஊசியில் நூல் கோர்ப்பார்.

இந்த ஜன்னிக்கு 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்ற பெயர் 1813-இல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கில மருத்துவர் வைத்தது. இது குடியால் வருவதா, குடியை விட்டதால் வருவதா என்ற சண்டை ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஓடியது. 1955-இல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர், மற்றபடி ஆரோக்கியமாக இருந்த தன்னார்வலர்களுக்கு நல்ல சாப்பாட்டோடு வாரக்கணக்கில் மது கொடுத்துத் திடீரென்று நிறுத்திப் பார்த்தார்கள். சிலருக்கு வலிப்பும் ஜன்னியும் வந்தன. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத ஆய்வு. ஆனால் நிறுத்தம்தான் காரணம் என்று அதில் உறுதியானது.

ஏன் அப்படி? மூளையில் அடக்கி வைக்கும் செய்தியைக் கொண்டுபோவது காபா, கிளப்பிவிடும் செய்தியைக் கொண்டுபோவது குளூட்டமேட். மது முதலாவதற்குக் கைகொடுக்கிறது, இரண்டாவதன் ஏற்பிகளில் ஒன்றான என்.எம்.டி.ஏ.வை அடக்குகிறது. தினமும் இது நடந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. காபா ஏற்பிகளின் கூருணர்வைக் குறைத்து, என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. ஒரு கதவை இரண்டு பக்கமும் இரண்டு பேர் முழு பலத்தோடு தள்ளிக்கொண்டு நிற்கும்போது கதவு அசையாது, பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். ஒருவர் திடீரென்று விலகினால் மற்றவர் கதவோடு போய் விழுவார். 95 கிராம் குடித்துவிட்டு நிதானமாக அலுவலகத்தில் கணக்கு எழுதியவர், ஒரு சொட்டும் உடலில் இல்லாத நாளில் ஜன்னி கண்டது இதனால்தான். இப்படி விட்டு விட்டுப் பிடிப்பது திரும்பத் திரும்ப நடந்தால் ஒவ்வொரு முறையும் முன்பைவிடக் கடுமையாக வரும் வாய்ப்பு உண்டு. இவருக்கும் இரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை நிறுத்தி, கை உதறல் தாங்காமல் மூன்றாம் நாளே தொடர்ந்த கதை இருந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினோம். லோராசெபாமின் அளவைக் கூட்டி, நரம்பு வழியாக அடிக்கடி கொடுத்தோம். இரவுப் பணியில் இருந்தவர் கேட்ட ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை ஒத்திப்போட்டோம். அது ஆளை அடக்கும், ஆனால் மூலப் பிரச்சினையைத் தொடாது, வலிப்புக்கும் வழிவிடும். நல்ல சிகிச்சை இல்லாத காலத்தில் இந்த ஜன்னி கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்தார்கள். இப்போது 100 பேரில் 5-க்கும் கீழே வந்துவிட்டது. அதற்குக் காரணம் நேரத்துக்குக் கொடுக்கும் இந்த மருந்தும், நீர், உப்பு, காய்ச்சலைக் கவனமாகப் பார்ப்பதும்தான்.

மூன்று நாளில் காய்ச்சலும் நடுக்கமும் போயின. குழப்பம் மட்டும் போகவில்லை.

கண்கள்

ஜன்னி தெளிந்த பிறகும் ஒருவர் குழம்பியே இருந்தால் கண்ணைப் பார்க்க வேண்டும். என் விரலை இடப் பக்கம் கொண்டுபோனேன். வலது கண் கூடவே வந்தது. இடது கண் முக்கால் தூரத்தில் நின்று, அங்கேயே குதித்துக்கொண்டிருந்தது. கண் துள்ளுவதை மட்டும் என்றால் லோராசெபாமின் மேல் பழி போடலாம், கண் வெளிப்பக்கம் போகாமல் நிற்பதை அப்படிப் போட முடியாது. ஆறாவது மூளை நரம்பு சோர்ந்திருக்கிறது.

வெர்னிக்கி நோய். 1881-இல் கார்ல் வெர்னிக்கி விவரித்த மூன்று நோயாளிகளில் இரண்டு பேர் குடிகாரர்கள், ஒரு பெண் கந்தக அமிலம் குடித்துவிட்டுச் சாப்பிட முடியாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவர். மூவருக்கும் பொதுவானது தயமின் என்னும் வைட்டமின் பி1 தீர்ந்துபோனது என்பது அவருக்கு அப்போது தெரிய வழியில்லை, அந்த வைட்டமினே கண்டுபிடிக்கப்படவில்லை.

குழப்பம், கண் அசைவுக் கோளாறு, நடைத் தள்ளாட்டம் மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று பாடத்தில் படிக்கிறோம். நேரில் மூன்றும் ஒன்றாகத் தெரிவது ஐந்தில் ஒருவருக்குக்கூட இல்லை. இவர் விஷயத்தில் இன்னொரு சிக்கல், இடுப்பு உடைந்தவரை நடக்கவைத்துப் பார்க்க முடியாது. உட்காரவைத்து, கையை ஊன்றாமல் இருக்கச் சொன்னோம். உடம்பு பக்கவாட்டில் ஆடியது. உடையாத காலின் குதிகாலால் மறு முழங்காலைத் தொடச் சொன்னால் குறி தவறியது. மைத்துனர் சொன்ன 'அகட்டி அகட்டி நடந்தார்' இப்போது இடத்தில் வந்து உட்கார்ந்தது. விழுந்ததே அதனால்தான். முறிவு இந்தக் கதையின் தொடக்கம் இல்லை, இடையில் வந்த ஒன்று.

தயமின் உடலில் மொத்தமே 30 மி.கி. அளவுக்குத்தான் இருப்பு இருக்கும். வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். குடிப்பவருக்கு மூன்று பக்கமும் அடி: சாப்பிடுவது குறைகிறது, குடல் அதை உறிஞ்சுவது குறைகிறது, கல்லீரல் சேமிப்பது குறைகிறது. குளுக்கோஸை எரித்துச் சக்தியாக்கும் முக்கிய நொதிகளுக்கு இது இல்லாமல் ஆகாது. இருப்பு தீரும் நிலையில் இருப்பவருக்கு மணிக்கணக்கில் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சம் மீதியும் செலவாகிறது. அதற்காக, சர்க்கரை தாழ்ந்து கிடப்பவருக்குத் தயமின் வரட்டும் என்று குளுக்கோஸைத் தாமதிக்கவும் கூடாது. இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம்.

அளவுதான் இங்கே உயிர். நாங்கள் முதலில் எழுதியது தடுப்புக்கான அளவு. கண்ணைப் பார்த்த பிறகு 500 மி.கி. வீதம் நாளுக்கு மூன்று முறை நரம்பு வழியே கொடுத்தோம். வாய்வழி மாத்திரை இந்த நேரத்தில் போதாது, குடல் ஒரு நேரத்தில் சில மில்லிகிராமுக்கு மேல் உள்ளே விடாது. மெக்னீசியம் பார்த்தோம், 1.3 மட்டுமே இருந்தது. அது இல்லாமல் தயமின் வேலை செய்யாது, பொட்டாசியமும் ஏறாது. அதையும் ஏற்றினோம். ஒன்றரை நாளில் இடது கண் ஓரம் வரை போனது.

முதல் அறிக்கையில் ஏற்கனவே இருந்தது

பெரிய பரிசோதனை எதுவும் தேவைப்பட்டிருக்காது. சேர்ந்த அன்றைய தாளே போதும்.

எம்.சி.வி. 104. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உருவாகும் இடத்திலேயே மது தலையிடுவதால் அணுக்கள் பெரிதாகின்றன. ஒரு சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்பதால், இந்த எண் நேற்றைய விருந்தைக் காட்டாது, மாதக்கணக்கான பழக்கத்தைக் காட்டும். தட்டணுக் குறைவும் மஜ்ஜையின் மேல் விழுந்த அடிதான். ஏ.எஸ்.டி. ஏ.எல்.டி.யைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மற்றக் கல்லீரல் அழற்சிகள் பலவற்றில் ஏ.எல்.டி.தான் மேலே நிற்கும். குடிப்பவர்களிடம் பி6 சத்தும் குறைவதால், அதை நம்பியிருக்கும் ஏ.எல்.டி. தாழ்ந்துவிடுகிறது.

கல்லீரலுக்கு இவ்வளவு அடி விழக் காரணம், மதுவை உடல் வேறெங்கும் பெரிதாகக் கையாள முடியாது என்பது. எத்தனால் செரிக்க வேண்டிய பொருள் இல்லை. கொஞ்சம் இரைப்பையிலும் பெரும்பகுதி சிறுகுடலிலும் நேரடியாக ரத்தத்தில் கலக்கிறது. உடலின் நீரில் பரவுகிறது. அதனால்தான் நீரளவு குறைவாக உள்ள பெண்களுக்கு அதே எடையில் அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் கூடுதலாகத் தெரியும். கல்லீரல் அதை முதலில் அசிட்டால்டிஹைடாகவும் பிறகு அசிடேட்டாகவும் மாற்றுகிறது. நடுவில் வரும் அசிட்டால்டிஹைடு நச்சு. டி.என்.ஏ.வோடும் புரதங்களோடும் ஒட்டிக்கொள்ளும். மது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே முதல் வகுப்பில் வைத்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் எல்லாம் இன்று அந்தப் பட்டியலில் உண்டு.

இந்த மாற்றத்தின் வேகம் சராசரியாக மணிக்கு 7 முதல் 10 கிராம். காபி, குளிர்ந்த நீர், வாந்தி எதுவும் அதை முடுக்கிவிடாது. 95 கிராமுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீண்ட நாள் குடிப்பவருக்குச் சி.ஒய்.பி.2இ1 என்ற இன்னொரு நொதி பெருகி வேகம் கூடும். அதை நல்லது என்று நினைக்க வேண்டாம். பாராசிட்டமாலை நச்சாக மாற்றுவதும் அதே நொதிதான். இவருக்கு வலிக்காக நாளுக்கு 4 கிராம் எழுதியிருந்ததை 2 கிராமாகக் குறைத்தோம்.

மதுவை எரிப்பதில் கல்லீரல் மும்முரமாக இருக்கும்போது கொழுப்பை எரிக்கும் வேலை நின்று, கொழுப்பு அங்கேயே படிகிறது. புதிய சர்க்கரை தயாரிப்பதும் தடைப்படுகிறது. அதனால்தான் சாப்பிடாமல் குடித்தவருக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். இவருக்கு ஸ்கேனில் வீங்கிய கொழுப்புக் கல்லீரல் தெரிந்தது, தழும்பின் அடையாளங்கள் இல்லை. 95 கிராம் மது தினமும் 665 கலோரி தருகிறது, வேறொன்றும் தருவதில்லை. ஆள் மெலிந்திருக்கவில்லை. சத்துக் குறைவு யாருடைய கண்ணுக்கும் படாததற்கு அதுவும் ஒரு காரணம்.

எலும்பு? எலும்பைக் கட்டும் செல்களை மது நேரடியாகவே மந்தப்படுத்தும். அதைப் பற்றி எலும்பு மருத்துவர்கள் நன்றாகவே எழுதுவார்கள், நான் இதோடு விடுகிறேன்.

பின்தொடர்தல்

கண்ணும் குழப்பமும் தெளிந்த பிறகு மறதி வெளியே தெரிந்தது. மூன்று சொற்கள் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லை. 'காலையில் என்ன செய்தீர்கள்?' என்றால், அலுவலகம் போய் இரண்டு ரசீது சரிபார்த்துவிட்டு வந்ததாகத் தயங்காமல் சொன்னார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை, நினைவில் விழுந்த ஓட்டையை மூளை கைக்குக் கிடைத்ததை வைத்து அடைக்கிறது. 1880-களின் இறுதியில் ரஷ்ய மருத்துவர் கோர்சகோவ் விவரித்த நிலை இது. வெர்னிக்கி நோய்க்குத் தயமின் பிந்தினால் பலரும் போய்ச் சேரும் இடம்.

ஆறாவது வாரம் வந்தபோது தட்டணுக்கள் 2,10,000. ஏ.எஸ்.டி. 31, ஜி.ஜி.டி. 88. எம்.சி.வி. இன்னும் 99. பழைய அணுக்கள் தீர வேண்டும் என்பதால் அது எதிர்பார்த்ததே. கல்லீரல் இவ்வளவு சீக்கிரம் மன்னித்துவிடும், சில வாரத்திலேயே கொழுப்பு வடிய ஆரம்பிக்கும். நடையைச் சீராக வைக்கும் சிறுமூளையும் நினைவும் அப்படி இல்லை. மூன்றாவது மாதத்தில் கைத்தடியோடு நடந்தார், கால்கள் இன்னும் அகன்றே இருந்தன. அன்றாட விஷயங்களைச் சட்டைப்பை நோட்டில் எழுதி வைத்துச் சமாளிக்கிறார், கற்பனைப் பதில்கள் நின்றுவிட்டன. கணக்கு வேலைக்குத் திரும்புவது கடினம் என்று குடும்பத்திடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டோம்.

மதுவைத் திரும்பத் தொடாமலிருக்க அகாம்ப்ரோசேட் கொடுத்தோம். இதற்கான இன்னொரு மருந்தான நால்ட்ரெக்சோன், டிரமடால் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகளோடு ஒத்துப்போகாது என்பதால் அறுவைக்குப் பிந்தைய நாட்களில் அதை எண்ணவே முடியவில்லை. டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே குடித்தால் அசிட்டால்டிஹைடு குவிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். அதைப் போட்டது நினைவில் தங்காத ஒருவருக்கு அது பொருத்தமான மருந்தே இல்லை. அகாம்ப்ரோசேட் கல்லீரல் வழியே போவதில்லை. சிறுநீரகம் நன்றாக இருந்தால் போதும், இவருக்கு நன்றாகவே இருந்தது. மனநல ஆலோசனைக்கு மனைவியும் கூடவே வருகிறார்.

எலும்பு வார்டின் சேர்க்கைத் தாளை இதன்பின் மாற்றச் சொன்னோம். 'மது: ஆம்/இல்லை/எப்போதாவது' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு மூன்று கேள்விகள்: எத்தனை நாளைக்கு ஒருமுறை, ஒரு நாளில் எவ்வளவு, கடைசியாக எந்த நேரம். தனியாக வைத்துக் கேட்க வேண்டும் என்று மேலே ஒரு வரி. காலையில் கை நடுங்கி, குடித்ததும் நிற்கிறது என்று யாராவது சொன்னால் அங்கேயே தயமின் தொடங்கி, லோராசெபாம் அட்டவணையும் எழுதிவிட வேண்டும், அறுவை சிகிச்சைக்கு முன்பே. வீட்டில் அப்படி ஒருவர் இருந்து, 'நாளையிலிருந்து நிறுத்திவிடுகிறேன்' என்று சொன்னால், நிறுத்தட்டும், ஆனால் மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்தட்டும்.